ஒரே பாத்திரம், ஒரே தேசம்: தலித் கிறிஸ்தவர்களும் மூன்றாம் பத்தியும்

"உன் சாமி வெளிநாட்டுச் சாமி." கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சொல்லப்படும் இந்தச் சொல் எல்லாக் கிறிஸ்தவர்கள் மீதும் ஒரே கனத்தோடு விழுவதில்லை. நிலமும் பட்டமும் பள்ளிக்கூடமும் உள்ள ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவருக்கு அது காதில் விழும் ஒரு வசவு. சேரியில் பிறந்த கிறிஸ்தவருக்கு அது தாலுகா அலுவலகத்தில் கைக்கு வரும் காகிதம். ஞானஸ்நானம் பெற்றவர் என்று தெரிந்த நாளில் அவர் பட்டியல் சாதியிலிருந்து வெளியேற்றப்படுகிறார். ஊர் மட்டும் அவரைப் பழைய தெருவிலேயே, பழைய பெயரிலேயே வைத்திருக்கிறது.

இந்த முரண் 1950இல் திடீரென்று முளைத்ததல்ல. புராட்டஸ்டன்ட் நம்பிக்கை இந்த மண்ணுக்குச் சொந்தமா, அதை ஏற்றவர் இந்தத் தேசத்துக்குச் சொந்தமா என்ற கேள்வி முந்நூறு ஆண்டு வயதுடையது. அதை முதலில் எழுப்பியவர்கள் இந்து தேசியவாதிகள் அல்லர். தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருந்த சாதிக் கிறிஸ்தவர்கள். இரு தரப்பாரும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு சொற்களில் கேட்டாலும், இரண்டு முறையும் அந்தக் கேள்வி ஒரே வேலையைத்தான் செய்தது: சாதியைக் காப்பாற்றியது. இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்றாம் பத்தியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

தரங்கம்பாடியில் தொடங்கியது

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக். அவர்கள் கொண்டுவந்த லுத்தரன் நம்பிக்கையில் மூன்று விஷயங்கள் சாதிச் சமூகத்துக்கு நேர் எதிரானவை. வேதத்தை அவரவர் தாய்மொழியில் எல்லோரும் படிக்கலாம். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே பிறப்பால் உயர்ந்த குரு என்று எவரும் இல்லை. திருவிருந்தில் எல்லோருக்கும் ஒரே அப்பம், ஒரே பாத்திரம்.

முதல் விஷயம் நடந்தது. 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். வேதத்தைக் காதால் கேட்கக்கூட உரிமை மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒரு வேதத்தைக் கையில் எடுத்துத் தம் மொழியில் வாசித்தார்கள். இதன் கனத்தை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

மற்ற இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி இருக்கை. குருத்துவத்தில் என்ன நடந்தது என்பதற்கு ராஜநாயக்கன் சாட்சி. பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்து, பிறகு உபதேசியாகி, தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தவர் அவர். முதல் இந்தியப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது 1733இல் அபிஷேகம் பெற்றவர் வெள்ளாளரான ஆரோன். ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டும் ஒதுக்கப்பட்டது. அவர் கையால் வெள்ளாளர் திருவிருந்து வாங்கமாட்டார்கள், தங்கள் வீட்டுக்குள் அவரை விடமாட்டார்கள் என்பதே மிஷனரிகள் கண்ட தடை. எல்லா விசுவாசிகளும் குருக்கள் என்ற லுத்தரின் போதனை, ஒரு பறையர் குருவாக முடியுமா என்ற முதல் சோதனையிலேயே தோற்றது.

'நாட்டு வழக்கம்' என்ற கேடயம்

அடுத்த நூறு ஆண்டுகளில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1820களில் தஞ்சைக்கு வந்த இளைய தலைமுறை மிஷனரிகள் ஒரே பாத்திரத்தில்தான் திருவிருந்து என்று அழுத்தத் தொடங்கினார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் கவிஞரே சாதிப் பிரிவினையை ஆதரித்து எழுதினார்.

அவர்களின் வாதத்தைக் கவனிக்க வேண்டும். சாதி மதம் சார்ந்ததல்ல, அது நாட்டு வழக்கம், குல மரியாதை. அதை விடச் சொல்வது எங்களைப் பறங்கியராக மாறச் சொல்வது. இதுதான் அவர்களின் நிலை. வெள்ளை மிஷனரிகளின் அதிகாரத் தோரணையும் பொய்யல்ல. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியதற்கும் தமிழ் இசைக்கும் பூக்களுக்கும் தடை போட்டதற்கும் வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயமான கோபத்தின் மடியில் சாதியும் சேர்த்துக் கட்டப்பட்டது. பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பறையர் வாய் வைத்த பாத்திரத்தை மறுத்தார்கள்.

அவர்களுக்கு ஓர் ஐரோப்பிய ஆதரவும் கிடைத்தது. தரங்கம்பாடி மரபை ஏற்றுக்கொண்ட லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துப் போகலாம், அவசரப்பட்டு ஒழிக்கக் கூடாது என்றார். ஒரு மக்களின் இயல்பைச் சிதைக்காமல் சபை கட்ட வேண்டும் என்பது அவரது கொள்கை. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மக்கள்' என்று அவர் எண்ணியபோது யாருடைய வழக்கத்தை எண்ணினார்? சேரி மக்களின் வழக்கத்தை அல்ல. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சக கிறிஸ்தவரோடு அமர்ந்து உண்ண மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்று தீர்மானித்தபோது லைப்சிக் மிஷன் சேரவில்லை. ஆங்கிலிக்கன் சபைகளில் சாதிக்கு இடமில்லை என்று கோபித்து வெளியேறிய வெள்ளாளர் பலர் லைப்சிக் மிஷனில் போய்ச் சேர்ந்தனர்.

ஆக, 'இந்த மண்ணுக்குச் சொந்தமான கிறிஸ்தவம்' என்ற முழக்கம் தமிழ்நாட்டில் முதலில் சாதியுள்ள கிறிஸ்தவம் என்றே பொருள்பட்டது. தலித்தோடு ஒரே பாத்திரத்தில் பருகுவது அந்நியம். தனிப் பாத்திரம் சுதேசி.

கொண்டுவந்து கொடுத்ததல்ல, தேடிப் போனது

இன்னொரு பொய்யையும் இங்கே உடைக்க வேண்டும். 'வெள்ளைக்காரன் அரிசி கொடுத்து மாற்றினான்' என்பது அந்தப் பொய். பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி இருந்தது உண்மை. ஆனால் பெரிய மக்கள் இயக்கங்களின் தொடக்கத்தைப் பார்த்தால், அங்கே நிற்பது மிஷனரி அல்ல, ஒரு தலித்.

தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன், சிதம்பரம் வரை போய்விட்டுத் தஞ்சையில் உறவினர் வழியாக இந்த நம்பிக்கையை அறிந்து, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். ஊரில் ஒரு கூட்டத்தைச் சேர்த்த பிறகு, போதகர் வேண்டும் என்று அழைத்தவர் அவர்தான். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் அங்கே வந்தது அதன் பிறகு. ஆந்திரத்தில் மாதிகா சமூகத்தைச் சேர்ந்த தோல் வியாபாரி எர்ரகுண்ட்ல பெரியா, ஓங்கோலின் அமெரிக்க பாப்திஸ்து மிஷனரியைத் தேடிப் போய் 1866இல் ஞானஸ்நானம் பெற்று, தன் வியாபார வழித்தடங்களிலேயே செய்தியைப் பரப்பினார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றதற்கு அடித்தளம் இவர் நடந்த பாதை. பஞ்சாபின் சியால்கோட் பகுதியில் 1873இல் சூஹ்ரா சமூகத்தைச் சேர்ந்த தித் என்ற தோல் வியாபாரி ஞானஸ்நானம் பெற்றுத் தன் ஊருக்கே திரும்பினார். மிஷன் வளாகத்தில் தங்கிவிடவில்லை. பஞ்சாபின் பெரும் கிறிஸ்தவ இயக்கம் அவருடைய உறவினர்களிடம் தொடங்கியது.

மூவரும் ஊர் விட்டு ஊர் போய் உலகம் பார்த்தவர்கள். மூவரும் தெரிந்தே தேர்ந்தார்கள். அவர்கள் தேடியது லண்டனையோ பாஸ்டனையோ அல்ல. தம் ஊரிலேயே மனிதராக நிற்க ஓர் இடம். 'தேசம்' என்ற சொல் சேரிக்கு வருவதற்கு முன்பே, 'நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்' என்று சொல்வதற்கு அவர்களுக்குக் கிடைத்த மொழி இந்த நம்பிக்கை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிந்ததற்கும், 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பெற்றதற்கும் பின்னால் இந்தச் சபைகளின் போராட்டம் இருந்தது. உடம்பை மூடும் உரிமையே இல்லாதவரிடம் போய் 'நீ எந்த நாட்டு மதம்?' என்று கேட்பது எவ்வளவு கொடுமையான கேள்வி!

தேசியம் கேட்ட விலை

இருபதாம் நூற்றாண்டில் படித்த புராட்டஸ்டன்ட் தலைவர்கள் தேசியத்தின் கேள்விக்கு முழு மனத்தோடு பதில் சொல்ல முயன்றார்கள். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் இல்லை, வெளிநாட்டு நிர்வாகம் இல்லை என்பது அதன் கொள்கை. அதை நிறுவியவர்களில் ஒருவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1910இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேராக, எங்களை நண்பர்களாக நடத்துங்கள் என்று சொன்னவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். சேலத்துக்காரரான கே.டி. பால் 1930இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போய், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம், பொதுத்தொகுதியே போதும் என்று வாதிட்டார். தேசியம் கேட்ட விலை எல்லாவற்றையும் இவர்கள் கொடுத்தார்கள்.

ஆனாலும் கேள்வி ஓயவில்லை. 1923இல் சாவர்க்கர் தன் 'இந்துத்துவா' நூலில் ஓர் அளவுகோலை வைத்தார். இந்த நாட்டைத் தந்தையர் நாடாகவும் புண்ணிய பூமியாகவும் ஒருசேரக் கருதுபவரே இந்து. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் புண்ணிய பூமி வேறெங்கோ இருப்பதால் அவர்கள் அதில் சேரமாட்டார்கள். இந்த அளவுகோலை எதிர்த்த காந்தியும் தலித் மதமாற்றத்தில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார். 1936இல் ஜான் மோட்டுடன் நடந்த உரையாடலில், தீண்டத்தகாதோரில் சிலர் மதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திறனில் பசுவைவிட மேலானவர்கள் அல்லர் என்ற பொருளில் அவர் பேசினார். அசரியாவின் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் மாலா, மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அசரியா இந்தியர், எளிமையாக வாழ்ந்தவர், இந்தியக் கட்டடக் கலையில் பேராலயம் கட்டியவர். அவரிடம் காந்தி கண்ட குறை அந்நியத்தன்மை அல்ல. தலித்துகள் கூட்டமாக வெளியேறுவதுதான்.

பாபாசாகேப் அம்பேத்கரையும் நேர்மையாகப் படிக்க வேண்டும். 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த அவர், 1936இல் மதங்களை எடைபோட்டபோது, இஸ்லாமோ கிறிஸ்தவமோ தழுவுவது ஒடுக்கப்பட்ட மக்களைத் தேசத்திலிருந்து அந்நியப்படுத்திவிடும் என்ற கவலையை வெளிப்படையாகச் சொன்னார். இந்துத்துவவாதிகள் இன்று இதை ஆசையாக எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகளின் நிலை பற்றி அவர் எழுதியதை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. அங்கே அவர் வைக்கும் குற்றச்சாட்டு, சபை சாதியை ஒழிக்கவில்லை, மதம் மாறியவர் தம் துன்பத்துக்கு எதிராக அரசியலாகத் திரளவில்லை என்பது. அதாவது, மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பதைச் சபையைக் கண்டித்துச் சொன்னவர் அவரே. அவர் சொன்னது உண்மையென்றால் மூன்றாம் பத்திக்கு அடிப்படையே இல்லை.

மூன்றாம் பத்தி எங்கிருந்து வந்தது?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்து மதம் அல்லாத மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் மூன்றாம் பத்தி. இதைச் சுதந்திர இந்தியாவின் சிந்தனை என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு ஒரு காலனிய முன்னோடி உண்டு. 1936இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்ற விலக்கு இருந்தது. 1935 சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதிகள் இருந்தன. ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்படக் கூடாது என்ற தேர்தல் கணக்கு அதற்குப் பொருந்தியது.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டது. அவையின் துணைத் தலைவரான புராட்டஸ்டன்ட் தலைவர் எச்.சி. முகர்ஜியும் மற்றக் கிறிஸ்தவப் பிரதிநிதிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். தேசபக்திக்கான சான்றாக அது பாராட்டப்பட்டது. ஆனால் விளைவைப் பாருங்கள். தனித்தொகுதி போனது. அதோடு பொருந்தியிருந்த விலக்கு மட்டும் மறு ஆண்டே புதிய ஆணையில் உயிர்பெற்றது. கிறிஸ்தவர் என்பதால் கிடைத்ததும் போயிற்று, தலித் என்பதால் கிடைக்க வேண்டியதும் போயிற்று. மேல்தட்டுத் தலைவர்கள் தேசத்துக்குக் கொடுத்த பரிசின் விலையைச் சேரிக் கிறிஸ்தவர் கட்டினார்.

1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அந்தப் பத்தியில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டும் நம் மக்கள் போராடிப் பெற்றவை. அவற்றை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் ஒன்று தெளிவாகிறது. இந்து மதத்துக்கு வெளியேயும் சாதி தொடரும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. இன்னும் வெளியே நிற்பவை இந்த நாட்டுக்கு வெளியே தோன்றிய மதங்கள். கிறிஸ்தவமும் இஸ்லாமும். சமூகக் கொடுமையை அளக்க வேண்டிய பட்டியல், சாமி பிறந்த ஊரை அளக்கிறது. சாவர்க்கரின் புண்ணிய பூமி எந்தச் சட்டத்திலும் அந்தப் பெயரில் இல்லை. ஆனால் மூன்றாம் பத்தி தரும் விளைவு அதுவேதான்.

1980களில் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, தன்னைப் போன்ற இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம். அதே தெருவோரம், அதே தோல், அதே ஊசி. ஆதாரம் மட்டும் இல்லை! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவப் போதகரானவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. சாதி சொல்லித் திட்டுபவர் அவர் பைபிளைப் பார்த்துவிட்டா திட்டுகிறார்?

எல்லைக்கு அந்தப் பக்கம்

இது மதத்தின் கேள்வி அல்ல, சாதியின் கேள்வி என்பதற்கு மறுக்க முடியாத சான்று தித்தின் மக்கள். 1947இல் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது. அவருடைய வழி வந்த பஞ்சாபிக் கிறிஸ்தவர்கள் பெருமளவில் அந்த நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். அங்கே இந்து ஆட்சி இல்லை, மனு இல்லை. ஆனாலும் துப்புரவுப் பணிக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் முஸ்லிம் அல்லாதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசுத் துறைகளே அச்சிட்டிருக்கின்றன. 'சூஹ்ரா' இன்றும் அங்கே வசவுச் சொல். ஒரு பக்கம், அந்நிய மதம் என்பதால் பட்டியலில் இடமில்லை. மறுபக்கம், நாட்டின் மதம் இல்லை என்பதால் சாக்கடை மட்டும் அவர்களுக்கு. இரண்டு தேசங்கள், இரண்டு மதப் பெரும்பான்மைகள். துடைப்பம் ஒரே கையில்.

நம் வேலை

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தது. நாட்டுக்கு விடுதலை வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சபை மிஷன் பிரிவுகளைத் தாண்டி ஒன்றாகிவிட்டது. ஆனால் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் அப்படியே நின்றது. 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலை எழுப்பியபோது கேட்டது இதைத்தான். மதுரை இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த பறட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு 'ஒரு உலை' என்று பேசினார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதே கடவுளின் ஆட்சி என்றார். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பாத்திரத்துக்கு ஒரு தலித் கொடுத்த பதில் அது.

தோழர்களே, 'நாங்களும் தேசபக்தர்கள்தான்' என்று நிரூபிக்கும் வேலை நமக்கு வேண்டாம். அசரியாவும் கே.டி. பாலும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நாம் கேட்க வேண்டியது இரண்டு. அரசிடம்: பட்டியலை மதத்திலிருந்து பிரி, மூன்றாம் பத்தியை நீக்கு. புதிதாகச் சேர்பவர்களால் இப்போதிருப்போரின் பங்கு குறையும் என்ற அச்சம் நம் இந்து, பௌத்தத் தோழர்களுக்கு இருப்பதை நாம் அறிவோம். ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவும் உயர வேண்டும் என்பதைச் சேர்த்தே கேட்போம். சேரியைப் பங்குச் சண்டையில் பிரித்துவைப்பதுதான் எதிரிக்கு லாபம்.

சபையிடம்: பிஷப் தேர்தலில், பள்ளி கல்லூரி நியமனத்தில், கல்லறையில், திருவிருந்து வரிசையில் சாதி எங்கே நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கணக்குக் கேட்போம். 'பரலோகக் குடியுரிமை' பற்றிப் பிரசங்கித்து நம்மை வாயடைக்கப் பார்ப்பார்கள். பரலோகத்தில் கிடைப்பதைப் பிறகு பார்க்கலாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால், அது எப்போது கட்டப்பட்டது, யார் கட்டியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆதாரம் இல்லை என்று இன்னொரு தீர்ப்பு சொல்ல முடியாதபடி, நம் ஊர்களின் ஆதாரத்தை நாமே திரட்டுவோம்.